இழுத்துச் செல்லும் வீடு

ஆடி மாதம் பிறந்ததும், சென்னையிலிருந்து செங்குன்றம், பெரியபாளையம் வழியாக ஊத்துக்கோட்டைக்குப் போகும் சாலைக்குத் தனிக்களை வந்துவிடுகிறது. பவானி அம்மனுக்கு வேப்பஞ்சேலை நேர்ந்துகொண்டவர்கள், பொங்கல் வைக்க வருகிறவர்கள், வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் என்று ஜனங்கள் வாரக்கணக்கில் வந்துகொண்டேயிருப்பார்கள். மோட்டார் வராத காலத்தில் இவர்களுடைய வாகனம் கூண்டு வண்டிதான். வண்டியிலே அரிசி மூட்டை, அடுப்பு, பாய், தலையணை, பாட்டி, பேரக்குழந்தை ஆகிய சகல சாமான்களும் ஏறிவிடும். ஆரணியாற்றங்கரையில் வண்டியை அவிழ்த்துவிட்டு, பக்கத்திலே சமையல், கூண்டுக்குள்ளே குழந்தைகள், வண்டிக்கடியிலே பெரியவர்கள் என்று இரவைக் கழித்துவிட்டு, மறுநாள் தரிசனம் செய்துகொண்டு திரும்புவார்கள்.

மேனாட்டார் "காரவான்" என்றும் "டிரெய்லர்" என்றும் பெயரிட்டுப் பெருமையுடன் மோட்டாருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் சாதனம், நமது கூண்டு வண்டிக்குத் தம்பி முறைதான். காளை போய் மோட்டார் வந்தது. கூண்டு போய்த் தகரச் சுவர் வந்தது. பாய் போய் மெத்தை வந்தது. மற்றபடி தத்துவம் ஒன்றே.

நம் நாட்டிலும் இந்த ஆசை இப்போது மெல்லத் தலைதூக்கியிருக்கிறது. சினிமா நட்சத்திரங்கள் இளைப்பாறும் "கேரவன்" வண்டியைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் தமிழ்நாட்டில் இல்லை. கேரள அரசாங்கம் 2021-ஆம் ஆண்டில் உல்லாசப் பிரயாணிகளுக்காகக் காரவான் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. ஆனால் இவை பெரும்பாலும் தாமே ஓடுகிற வண்டிகள். காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுக்கிற வீடு நமக்கு இன்னும் புதிது. பூண்டி ஏரிக்கரைக்கும், நாகலாபுரத்து மலையடிவாரத்துக்கும், பழவேற்காட்டுக்கும் அப்படி ஒரு வீட்டை இழுத்துக்கொண்டு போனால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று எண்ணுகிற குடும்பங்களுக்காகவே இந்தக் கட்டுரை. அவர்கள் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. டிரெய்லர் என்பது முதலில் வண்டி, அப்புறந்தான் வீடு. வண்டிக்காரனுடைய புத்தியில்லாமல் வீட்டுக்காரனுடைய ஆசையை மட்டும் வைத்துக்கொண்டு புறப்படுகிறவன் நடுவழியில் நிற்பான், நின்றால்கூட அதிர்ஷ்டந்தான்.

கப்பலிலிருந்து கரைக்கு வந்த டாக்டர்

இங்கிலாந்தில் உல்லாசத்துக்காகவே காரவான் கட்டிக்கொண்டு புறப்பட்டவர்களில் முதன்மையாகப் பேசப்படுகிறவர் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர். கடற்படையில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1885-ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத்து வண்டிக் கம்பெனி ஒன்றில் "வாண்டரர்" என்ற குதிரை வண்டி வீட்டைச் செய்யச் சொல்லி, அதில் ஸ்காட்லாந்து வரையில் சென்றார். வண்டியின் நிறை ஏறக்குறைய இரண்டு டன். மேடு வந்தபோதெல்லாம் குதிரைகள் பட்ட பாட்டை ஊகித்துக்கொள்ளலாம். இவர் வழியைப் பின்பற்றியவர்கள் பெருகி, 1907-ஆம் ஆண்டில் காரவான் சங்கம் ஒன்றையே அங்கே ஸ்தாபித்தார்கள். பிறகு மோட்டார் வந்து குதிரைக்கு விடுதலை அளித்தது.

அமெரிக்காவில் வாலி பையாம் என்பவர் வெள்ளி போலப் பளபளக்கும் அலுமினிய டிரெய்லர்களைச் செய்து, அவற்றைக் கூட்டம் கூட்டமாகத் தேசாந்தரம் அழைத்துச் சென்றார். அவர் 1962-ல் காலமானார். அவருடைய அன்பர்கள் 1963-ல் சிங்கப்பூரில் புறப்பட்டு, ஆசியாக் கண்டத்தைக் கடந்து, 1964-ல் ஐரோப்பாவின் மேற்குக் கோடியிலுள்ள லிஸ்பன் நகரத்தை அடைந்தார்கள்.

நம்முடைய ராஜதானியிலும் முகாம் வாழ்க்கை புதிதல்ல. வெள்ளைக்காரக் கலெக்டர்கள் ஜமாபந்திக்குக் கிராமம் கிராமமாகச் சென்ற காலத்தில், துரைக்கு முன்னால் கூடாரமும் கட்டிலும் சமையல் பாத்திரங்களும் மாட்டு வண்டிகளில் போய்ச் சேர்ந்திருக்கும். அந்த வண்டிகளை ஓட்டியவர்கள் நம்மவர்கள். பாரத்தை எப்படி ஏற்றுவது, எப்படி இறக்குவது என்னும் சாஸ்திரம் அவர்கள் கைக்குள் இருந்தது. அந்தச் சாஸ்திரந்தான் இன்றைய டிரெய்லருக்கும் சாஸ்திரம்.

முன்பாரமும் பின்பாரமும்

இரட்டை மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றும்போது கவனித்திருப்பீர்கள். முன்பக்கம் பாரம் அதிகமானால் நுகத்தடி காளைகளின் கழுத்தை அழுத்துகிறது. பின்பக்கம் அதிகமானாலோ ஏர்க்கால் மேலே தூக்கிக்கொள்கிறது. கழுத்துக் கயிறு காளையின் தொண்டையை நெரிக்கிறது. "கொஞ்சம் முன்பாரமாகவே இருக்கட்டும்" என்பது வண்டிக்காரர் வாக்கு.

காரின் பின்னால் இழுக்கப்படும் டிரெய்லருக்கும் இதே விதிதான். அதன் மூக்கு, காரின் கொக்கியின்மீது ஓரளவு அழுத்திக்கொண்டேயிருக்க வேண்டும். டிரெய்லரின் மொத்த நிறையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு மூக்கில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கர் கணக்கு. பிரிட்டனில் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு என்கிறார்கள். அங்கே கார்களும் கொக்கிகளும் தாங்கும் அளவு குறைவு. 800 கிலோ நிறையுள்ள டிரெய்லராயின், அமெரிக்கர் கணக்கில் 80 முதல் 120 கிலோ; பிரிட்டிஷார் கணக்கில் 40 முதல் 56 கிலோ. எந்தக் கணக்கானாலும், காரைச் செய்தவர்களும் கொக்கியைச் செய்தவர்களும் குறிப்பிட்டிருக்கும் உச்ச வரம்பை மீறக் கூடாது. இதை அளப்பதற்குப் பெரிய யந்திரம் தேவையில்லை. ஆள் நிறை பார்க்கும் தராசை மூக்கின் கீழே வைத்து, நடுவிலே உறுதியான மரக்கட்டை ஒன்றை நிறுத்தினால் போதும். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். தராசின் உச்ச அளவுக்குள் பாரம் அடங்க வேண்டும். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

மூக்கில் பாரம் போதாவிட்டால் என்ன ஆகும்? சாலையில் சற்று வேகமாகப் போகும்போது டிரெய்லர் நாயின் வால் போல இப்படியும் அப்படியும் ஆடத் தொடங்கும். பெரிய லாரி ஒன்று பக்கத்தில் விரைந்து கடக்கும்போது வீசும் காற்றே இந்த ஆட்டத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டுவிடும். ஆட்டம் முற்றினால் வால் நாயை ஆட்டிவிடும். அப்போது பதற்றத்தில் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும், ஆட்டத்துக்கு எதிராகத் திருப்புவளையத்தை வளைப்பதும் காரியத்தைக் கெடுக்கும். பெட்ரோல் மிதியிலிருந்து காலை எடுத்து, வளையத்தை நேராகப் பிடித்துக்கொண்டு, வண்டி தானே வேகம் தணியும்படி விட வேண்டும். டிரெய்லருக்கு மட்டும் தனியாகப் பிரேக் போடும் விசை காரில் இருந்தால், அதை மெதுவாக அழுத்தலாம்.

ஆனால் வைத்தியத்தைவிடப் பத்தியம் மேல். கனமான சாமான்களை அச்சுக்கு நேர்மேலே, தரையோடு தரையாக வைக்க வேண்டும். பாத்திரப் பெட்டியும் அரிசியும் அங்கே போகட்டும். தலையணை, துணிமணி போன்ற லேசான சாமான்கள் மேல் அலமாரிக்கு. தாய்மார்கள் தண்ணீரை மறந்துவிடக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஐம்பது லிட்டர் தொட்டி நிறைந்தால் ஓர் ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி. அரைத் தொட்டித் தண்ணீரோ திருப்பங்களில் தளும்பிப் பாரத்தை இடம் மாற்றிக்கொண்டேயிருக்கும். வீட்டிலிருந்து குறைந்த தண்ணீரோடு புறப்பட்டு, தங்குமிடத்தில் நிரப்பிக்கொள்வதே விவேகம்.

அச்சாணியின் மகிமை

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது நம் பழமொழி. டிரெய்லருக்கு அச்சாணி ஸ்தானத்தில் இருப்பது, காரோடு அதைப் பிணைக்கும் கொக்கி. ஐரோப்பிய முறையில் 50 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள இரும்புக் குண்டின்மேல் டிரெய்லரின் கிண்ணம் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். அமெரிக்கக் குண்டுகளில் பல அளவுகள் உண்டு. கிண்ணமும் குண்டும் ஒரே அளவாக இல்லாவிட்டால், உட்கார்ந்தது போலத் தோன்றி, முதல் மேடு பள்ளத்தில் கழன்றுவிடும். பூட்டியதும் மூக்கை மேல்நோக்கித் தூக்கிப் பார்ப்பது ஒரு நல்ல சோதனை. காரின் பின்பக்கமும் சேர்ந்து உயர வேண்டும். கிண்ணம் மட்டும் உயரக் கூடாது.

அதோடு இரண்டு சங்கிலிகளை மூக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போட வேண்டும். கொக்கி கழன்றாலும் மூக்கு அந்தத் தொட்டிலில் விழுமே தவிரத் தரையில் குத்தாது. பிறகு விளக்குக் கம்பியை இணைத்து, பின்னால் ஒருவரை நிற்கவைத்து, சிவப்பு விளக்கும் திரும்பு விளக்கும் எரிகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, டிரெய்லருக்கும் தனியாகப் பதிவெண் உண்டு; அத்துடன், இழுக்கும் வண்டியின் எண்ணும் டிரெய்லரின்மேல் தெரிய வேண்டும்.

காரின் சக்தியும் முக்கியம். சாமானியக் கார் ஒன்றுக்கு எவ்வளவு இழுக்க முடியும் என்பது அதைச் செய்தவர்கள் தரும் கைப்புத்தகத்தில் இருக்க வேண்டும். அதில் இழுவை நிறை குறிப்பிடப்படாவிட்டால், அல்லது கூடாதென்று எழுதியிருந்தால், பட்டறைக்காரர் கொக்கி வைத்துத் தருவதாகச் சொன்னாலும் ஏற்கக் கூடாது. கொக்கியை எந்தக் காரிலும் வைத்துவிடலாம். எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் அந்தச் சக்தியை வைக்க முடியாது.

பின்னாலிருந்து தள்ளும் வீடு

இழுப்பது பாதி வேலை; நிறுத்துவது மறுபாதி. காளை நின்றால் வண்டி நின்றது என்பது சமதரையில்தான் உண்மை. சரிவில் இறங்கும்போது கூண்டு வண்டி காளையை முன்னால் தள்ளும். அதற்காகவே சில வண்டிகளில் சக்கரத்தின்மேல் மரக்கட்டையைக் கயிற்றால் இறுக்கிப் பிடிக்கும் ஏற்பாடு இருந்தது.

மோட்டாரின் வேகத்தில் இந்தத் தள்ளு பன்மடங்காகிறது. வேகம் இரண்டு மடங்கானால் வண்டியின் வேக சக்தி நான்கு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அடக்கமாக வந்த வீடு, 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு வீடுகளின் பலத்தோடு பின்னாலிருந்து தள்ளுகிறது. கார் திரும்பிக்கொண்டிருக்கும்போது இப்படித் தள்ளினால், இரண்டும் பேனாக்கத்தி மடிவது போல மடிந்துவிடும். ஆகையால்தான் ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குச் சொந்தப் பிரேக் இருந்தே தீரவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். கார் வேகம் தணியும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும் அந்தத் தள்ளையே கொண்டு பிரேக் பிடிக்கும்படி அங்கே யுக்தி செய்திருக்கிறார்கள். திருடனைக் கொண்டே திருடனைப் பிடிக்கும் யுக்தி இது.

முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் சாதாரணமாக விடும் இடைவெளியைப் போல் இரண்டு மடங்கு விட வேண்டும். சரிவில் இறங்குமுன்பே கியரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். திரும்பும்போதும் ஒரு சங்கதி இருக்கிறது. டிரெய்லரின் சக்கரங்கள் காரின் தடத்தில் வாரா. மூலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். கடைத்தெரு முனையில் கார் சௌகரியமாகத் திரும்பிவிடும்; பின்னால் வரும் வீடு பழக்கடைக்குள் நுழைந்துவிடும். ஆகையால் சற்று முன்னே சென்று, அகலமாகத் திரும்ப வேண்டும்.

பின்னுக்குச் செலுத்துவதோ ஒரு தனி வித்தை. டிரெய்லரின் வால் இடப்பக்கம் போகவேண்டுமானால் திருப்புவளையத்தை வலப்பக்கம் திருப்ப வேண்டும். மூளை குழம்பாமலிருக்க ஒரு வழி சொல்வார்கள். வளையத்தின் அடிப்பாகத்தைக் கையால் பிடித்துக்கொண்டால், கை போகும் பக்கமே வாலும் போகும். அறுவடை முடிந்த களத்துமேட்டில், யாருமில்லாத நேரத்தில், ஒரு வாரம் பழகிய பிறகே சாலைக்கு வருவது உத்தமம். எவ்வளவு பழகினாலும் பின்னால் ஒருவர் நிற்காமல் பின்னுக்குப் போகக் கூடாது. அவர் ஓட்டுகிறவரின் கண்ணாடியில் எப்போதும் தெரிய வேண்டும். அவர் மறைந்தால் வண்டி நிற்க வேண்டும்.

சக்கரமும் மையும்

வண்டிச் சக்கரம் "கிறீச்" என்று கத்தினால் பக்கத்து ஊருக்கே கேட்கும். உடனே வண்டிக்காரர் இறங்கி மை போடுவார். டிரெய்லரின் சக்கரக் குடத்துக்குள் இருக்கும் குண்டு பேரிங்குக்கு அப்படிக் கத்தும் குணம் குறைவு. மை வற்றினால் அது மௌனமாகச் சூடேறி, மௌனமாகத் தேய்ந்து, கடைசியில் சக்கரத்தையே கழற்றி விட்டுவிடும். காரில் உட்கார்ந்திருப்பவருக்குச் சப்தமும் எட்டாது. ஆகையால் வருஷத்துக்கு ஒரு முறையாவது குடத்தைப் பிரித்து, பழைய கிரீஸைத் துடைத்து, புதிதாக இட வேண்டும். தண்ணீரில் இறங்கிய சக்கரமாயின் தவணை பார்க்காமல் உடனே செய்ய வேண்டும். வழியில் தேநீர் அருந்த நிறுத்தும்போதெல்லாம் ஒவ்வொரு குடத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். மற்றவை இளஞ்சூடாயிருக்க ஒன்று மட்டும் கொதித்தால், அங்கே பேரிங்கோ பிரேக்கோ கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

சக்கரத்தை மாற்றிப் போட்டால், ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் திருகுகளை மறுபடி இறுக்க வேண்டும். சென்னையில் சக்கரம் மாட்டிப் புறப்பட்டவர்களுக்கு ஊத்துக்கோட்டை வந்ததும் அந்த வேலை காத்திருக்கிறது.

டயர் விஷயத்தில் படித்தவர்கள்கூட ஏமாந்துபோகிறார்கள். காரின் டயர் ஓடி ஓடித் தேயும். டிரெய்லரின் டயர் ஓடாமல் நின்று நின்றே வயதாகும். மேலே பூவேலையெல்லாம் புதுசு போல இருக்கும். பக்கவாட்டிலோ வெயிலில் ரப்பர் உலர்ந்து வெடித்திருக்கும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் அச்சிட்டிருப்பதைக் கவனியுங்கள். 2419 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 24-வது வாரத்தில் செய்தது என்று பொருள். இந்த ஜாதகத்தைப் பார்த்தே டயரின் ஆயுளைக் கணிக்க வேண்டும். காற்றின் அளவைக் காலையில், வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். நமது கோடை வெயிலில் காற்றுக் குறைந்த டயர் பாரத்தோடு ஓடினால், உள்ளுக்குள்ளே சூடு ஏறி வெடித்துவிடும். நிறுத்தி வைத்திருக்கும் மாதங்களில் டயர்மேல் வெயில் படாமல் சாக்குத் துணியாவது போட்டு மூடினால், செலவில்லாத உபகாரம்.

வீட்டுப் பராமரிப்பு

வண்டியாகிய பாதி முடிந்தது. இனி வீடாகிய பாதி. டிரெய்லர் வீட்டுக்கு முதற்சத்துரு தண்ணீர். கூரையின் மூட்டுகளிலும் ஜன்னல் ஓரங்களிலும் தடவியிருக்கும் பசை வெயிலில் சுருங்கி வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்ததும், அந்த மயிரிழை வெடிப்பின் வழியே நீர் இறங்கும். சுவருக்குள் மரச்சட்டம் இருந்தால் வெளியே தெரியாமலே உளுத்துப்போகும். ஆகையால் புரட்டாசியிலேயே கூரையேறி ஒவ்வொரு மூட்டையும் பார்த்துப் புதுப் பசை இட வேண்டும். மழை ஓய்ந்த நாளில் ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விட வேண்டும். இல்லாவிட்டால் மெத்தையில் பூஞ்சைக்காளானும், மூலையில் எலிக்குடும்பமும், வீட்டுக்காரருக்கு முன்பாகவே குடியேறிவிடும்.

இரண்டாவது சத்துரு நெருப்பு. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கி நிற்கும். ஆகையால் தரையோரத்தில் அடைபடாத காற்றுத்துளை இருக்க வேண்டும். சிலிண்டர் தூங்கும் அறைக்கு வெளியே தனிப் பெட்டியில் இருக்க வேண்டும். ஓடும்போது அதன் வாயைக் கண்டிப்பாக மூடிவிட வேண்டும். பனிக் காலத்து இரவில் குளிருக்காகக் கரியடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு கதவைச் சாத்தித் தூங்குவது யமனுக்கு அழைப்பு அனுப்புவதாகும். கரிப்புகையில் வாசனையில்லாத, நிறமில்லாத விஷவாயு ஒன்று உண்டு. அது தூங்குகிறவரை எழுப்பாமலே கொண்டுபோய்விடும்.

மூன்றாவது விஷயம் கழிவு. இதை ஊத்துக்கோட்டைப் பக்கம் வருகிறவர்களுக்கு அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னை மேயராக இருந்த தேசபக்தர் சத்தியமூர்த்தியின் முயற்சியால் 1940-ல் அடிக்கல் நாட்டப்பெற்று 1944-ல் முடிந்தது பூண்டி நீர்த்தேக்கம். அதைக் கண்ணால் காணாமலே 1943-ல் அவர் காலமானார். இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆந்திரத்துக் கண்டலேறு அணையிலிருந்து வரும் கிருஷ்ணா நதி நீர், ஊத்துக்கோட்டை அருகே தமிழ்நாட்டு எல்லைக்குள் புகுந்து, கால்வாய் வழியே அந்த ஏரிக்குத்தான் போகிறது; 1996-ல் அது முதன்முதலாக வந்தது. சென்னைவாசி ஒருவர் தமது டிரெய்லரின் அழுக்குத் தொட்டியைக் கால்வாய்க் கரையில் திறந்துவிட்டால், அது யார் வீட்டுக் குழாய்க்குப் போய்ச் சேரும் என்று யோசித்துப் பார்க்கட்டும். அழுக்கைத் தொட்டியிலேயே கொண்டுபோய், முறையான கழிவுநீர்க் குழியில் விடுவதுதான் நாகரிகம்.

ஆற்று மணலும் தரைப்பாலமும்

தங்குமிடம் தேடும்போது ஆற்று மணலைக் கண்டால் ஆசை வரும். அந்த ஆசையை அடக்க வேண்டும். கூண்டு வண்டியின் பெரிய சக்கரம் மணலில் ஏறி இறங்கிவிடும். டிரெய்லரின் சிறிய சக்கரம் அச்சு வரையில் புதையும். தவிரவும், ஆரணியாறு நம்முடைய மழையை மட்டும் நம்பி ஓடுவதல்ல. எல்லைக்கு அப்பால் பிச்சாட்டூர் அணையில் நீர் திறந்தால், இங்கே வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் அப்படிப் பல மழைக் காலங்களில் மூழ்கிப் போக்குவரத்து நின்றிருக்கிறது.

தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் ஓடும்போது, "முழங்காலளவுதானே" என்று டிரெய்லரை இழுத்துச் செல்ல எண்ணுகிறவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. டிரெய்லர் வீடு 4 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ளதென்று வைத்துக்கொள்வோம். அதன் தரை மட்டத்துக்கு மேல் ஒவ்வொரு சென்டிமீட்டர் நீர் ஏறும்போதும் அது விலக்கும் நீர் 80 லிட்டர். அதாவது வண்டியின் நிறையில் 80 கிலோவை நீர் தூக்கிவிடுகிறது. பத்துச் சென்டிமீட்டரில் 800 கிலோ. ஒரு சாண் தண்ணீரைவிடக் குறைவு! 800 கிலோ வண்டி அப்போது வண்டியல்ல, படகு. பக்கவாட்டில் அடிக்கும் வெள்ளம் அந்தப் படகைத் தள்ளும். படகு காரை இழுக்கும்.

நல்ல மேட்டுத்தரையாகப் பார்த்து நிறுத்திய பிறகும் வரிசை தவறக் கூடாது. முதலில் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. அடுத்து மூக்கின் கீழ்த் தாங்குகால். அப்புறமே கொக்கியைக் கழற்றுவது. நான்கு மூலைகளிலும் இறக்கும் கால்கள் வீடு ஆடாமலிருப்பதற்காகவே ஏற்பட்டவை; அவற்றைக் கொண்டு வண்டியைத் தூக்கினால் வளைந்துபோகும்.

பாரமாக ஏற்றக் கூடாத பாரம்

இதுவரையில் சொன்னவை சாமான்களைப் பற்றியவை. இனிச் சொல்லப்போவது மனிதரைப் பற்றியது. டிரெய்லர் வீடு ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்குள் ஒருவரும் இருக்கக் கூடாது. குழந்தை தூங்குகிறதே, பாட்டிக்கு முதுகு வலிக்கிறதே என்று உள்ளே படுக்கவைக்கக் கூடாது. உள்ளே இருப்பவரைக் கட்டிப் பிடிக்க வார் கிடையாது. அவர் கூப்பிட்டாலும் ஓட்டுகிறவருக்குக் கேட்காது. கொக்கி கழன்றால் அந்த வீட்டுக்கு ஓட்டுகிறவரே இல்லை.

இந்த விதியைக் காரவான் வாங்கப்போகும் சிலரைவிட, அதன் பெயரையே கேட்டிராத பலருக்கு அதிகமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நமது கிராமங்களில் கரும்பும் நெல்லும் ஏற்றும் டிராக்டர் டிரெய்லர்களே, திருவிழா வந்தால் தாயும் பிள்ளையும் ஏறிச் செல்லும் வாகனமாகிவிடுகின்றன. கூண்டு வண்டியில் போன பழக்கந்தான் அது; ஆனால் வேகம் கூண்டு வண்டியின் வேகமல்ல. பெரும்பாலான அந்தப் பெட்டிகளுக்குச் சொந்தப் பிரேக் இல்லை. மூட்டை படுத்துக்கொண்டிருக்கும், மனிதர்களோ நின்றுகொண்டும் விளிம்பில் உட்கார்ந்துகொண்டும் வருவார்கள். அதனால் பாரத்தின் மையம் உயர்ந்து, சாலையோரத்துப் பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினாலே பெட்டி கவிழ்கிறது. உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் ஜில்லாவில் 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி, அம்மன் கோவிலுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த குடும்பங்கள் ஏறிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று குளத்தில் கவிழ்ந்து, இருபத்தைந்து பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். சரக்கு ஏற்றும் பெட்டியில் மனிதரை ஏற்றுவது சட்ட விரோதம் என்பது அவர்களுக்குத் தெரியாமலிருந்திருக்கலாம்; தெரிந்தவர்கள் நாம் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே படித்த குடும்பங்களுக்கு இரண்டு கடமைகள். வீட்டை இழுத்துக்கொண்டு போகிறவர்களாயின், மனிதர் காரில், சாமான் டிரெய்லரில் என்ற பங்கீட்டை மாற்றாதிருக்க வேண்டும். சொந்த ஊரில் வயலும் டிராக்டரும் உள்ளவர்களாயின், திருவிழாவுக்கு ஆட்களை அனுப்பும்போது பஸ் கட்டணத்தைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். பஸ் கட்டணம் சொற்பம்; அது காப்பாற்றுவது சொற்பமல்ல.

காரவான் பிரயாணம் வேண்டாம் என்று சொல்லவரவில்லை. விடியற்காலையில் பூண்டி ஏரியின்மேல் பறவைகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சொந்த அடுப்பில் காப்பி போட்டுக் குடிப்பது பெரும் பாக்கியந்தான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு; அந்த விலை பணத்தைவிடப் பொறுமையில் அதிகம். புறப்படுவதற்கு முன் ஒரு முறை, ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகு ஒரு முறை, ஓட்டுகிறவர் வண்டியைச் சுற்றிப் பிரதட்சிணம் வர வேண்டும். கொக்கி, சங்கிலி, விளக்கு, நான்கு குடங்கள், டயர், வாயுவின் வாய், சாத்திய கதவு என்று வரிசையாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. படிப்பறியாத வண்டிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சாட்டையைக் கையில் எடுக்குமுன் இதைச் செய்துவந்தார்கள். சாவியைக் கையில் எடுக்குமுன் நாமும் செய்வோமாக.